சத்துணவு நூல் வாங்கும் முன்: சித்தியவான் குடும்பங்கள் பார்க்க வேண்டியவை

தீபாவளிச் சந்தையானாலும் கோவில் திருவிழாவானாலும், தமிழ்ப் புத்தகங்களை விரித்து வைத்திருக்கும் மேசையில் சோதிட நூல்களுக்கும் சமையல் நூல்களுக்கும் நடுவே உடல்நல நூல்கள் ஒரு வரிசை இருக்கும். இனிப்பு நீரை விரட்டுவது, மூட்டுவலியைப் போக்குவது, நூறாண்டு வாழ்வது என அட்டையிலேயே வாக்குறுதி தரும் நூல்கள் அவற்றில் அதிகம். வாங்குபவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள். வீட்டுக்குப் போன பிறகு அந்த நூலின்படி சமைப்பவர் இன்னொருவர், சாப்பிடுபவர் வேறொருவர். ஆகவே தவறான நூல் வந்தால் அதன் விளைவு ஒருவரோடு நிற்பதில்லை.

இது நம் சமூகத்துக்குச் சிறிய விஷயமும் அல்ல. சுகாதார அமைச்சின் 2019 தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டளவிலான எண் 15.6 விழுக்காடாக இறங்கியது. 2019 ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியும் உண்டு: உடல்நலத் தகவலைப் படித்துப் புரிந்துகொண்டு பயன்படுத்தும் திறன், பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் குறைவாக இருக்கிறது. நூல் தேர்வு பற்றிப் பேச இந்த இரண்டு எண்களே போதும்.

சித்தியவான், ஆயர் தாவார், ஸ்ரீ மஞ்சோங் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுங்கை வாங்கி, சொகோமானா போன்ற தோட்டங்களின் பெயரோடு வளர்ந்த குடும்பங்களில் பல இன்று தாமான் வீடுகளில் வாழ்கின்றன. இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனவரின் பேரப்பிள்ளை இப்போது தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து வேலை செய்கிறார். தட்டில் சோற்றின் அளவு மட்டும் பாட்டி காலத்து அளவாகவே இருக்கிறது. நல்ல நூல் இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும். பேசாமல் “நம் முன்னோர் சாப்பிட்டார்கள், நூறு வயது வாழ்ந்தார்கள்” என்று மட்டும் சொல்லும் நூல் பாதிக் கதையை விட்டுவிடுகிறது.

முன்னோர் உணவைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மலாயாவின் மருத்துவ வரலாற்றில் தமிழர் சோற்றுக்கு மரியாதையான இடம் உண்டு. 1900-களின் தொடக்கத்தில் இந்நாட்டில் பெரிபெரி நோயால் பெருந்தொகையானோர் இறந்தனர். நெகிரி செம்பிலான் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன், தீட்டிய சயாம் பச்சரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடையே நோய் பரவியதையும் புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்கள் பெரிதும் தப்பியதையும் கவனித்து 1907-இல் நூலாகவே எழுதினார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் மற்றொரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் கொடுத்து இதைச் சோதித்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் விளங்கியது. ஆனால் அன்று உயிர் காத்த அதே அரிசியை, நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் நீரிழிவுக்காரர் மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் சொல்லத் தெரிந்த நூலாசிரியரை நம்பலாம்.

சரி, மேசை முன் நிற்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் ஆசிரியர் யார் என்ற குறிப்பு. மலேசியாவில் உணவியல் நிபுணர்களும் சத்துணவு அதிகாரிகளும் 2016-ஆம் ஆண்டின் 774-ஆவது சட்டத்தின் கீழ் பதிவு பெற வேண்டிய துறையினர். சித்தம், ஆயுர்வேதம் உள்ளிட்ட பாரம்பரிய மருத்துவத்துக்கு அதே ஆண்டின் 775-ஆவது சட்டம் உண்டு. தமிழகத்து நூலானால் ஆசிரியர் மருத்துவரா, உணவியல் படித்தவரா, சித்த மருத்துவரா என்பதைப் பின்னட்டை சொல்ல வேண்டும். “ஆய்வாளர்”, “இயற்கை வாழ்வியல் வல்லுநர்” என்று மட்டும் இருந்தால் எங்கே, என்ன படித்தார் என்ற கேள்வி எழத்தான் வேண்டும். பட்டம் இருந்தாலே நூல் நன்றாக இருக்கும் என்பதில்லை. ஆனால் பட்டத்தைச் சொல்லத் தயங்குபவர் எழுதிய மருந்து அளவை நம்பிச் சாப்பிடுவது வேறு விஷயம்.

அடுத்து, சர்க்கரை பற்றிய பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். இதைவிட விரைவான சோதனை இல்லை. வெல்லம், கருப்பட்டி, தேன் மூன்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். “நீரிழிவுக்காரர் கருப்பட்டிக் காப்பி தாராளமாகக் குடிக்கலாம்” என்று ஒரு நூல் சொன்னால் அதை மூடி வைத்துவிடலாம். மற்ற பக்கங்களைப் பார்க்க வேண்டியதில்லை.

அதன்பின் சிறுநீரகம். நீரிழிவு நீண்ட நாள் இருந்த வீட்டில் சிறுநீரகப் பாதிப்பும் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுத் தோட்டங்களில் காய்க்கும் பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், ஆரோக்கியமானவருக்கு அளவோடு உண்டால் பொதுவாக ஒன்றும் செய்யாது. சிறுநீரகம் கெட்டவருக்கு அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம் வரை போனதுண்டு. கீரைச் சாறு, வாழைத்தண்டுச் சாறு, இளநீர் ஆகியவற்றை எல்லோருக்கும் ஒரே அளவில் பரிந்துரைக்கும் நூல்களிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. அவற்றிலுள்ள பொட்டாசியத்தைக் கெட்ட சிறுநீரகம் வெளியேற்றாது. “சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம்” என்ற ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அந்த ஒரு வரியை எழுதியவர் நோயாளியை நினைத்துக்கொண்டு எழுதியவர்.

மருந்து பற்றி நூல் என்ன சொல்கிறது என்பது கடைசிச் சோதனை, ஆனால் மிக முக்கியமானது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் நூலை வாங்கவே கூடாது. நிறுத்தச் சொல்லாமல், பட்டினி இருக்கவோ சோற்றை அறவே விடவோ சொல்லும் நூலும் இன்சுலின் போடுபவருக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் ஆபத்துதான். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றது. சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென இறங்கி ஆள் மயங்கி விழலாம்.

இத்தனை சோதனையிலும் தேறிய தமிழ் நூலிலும் ஒரு குறை இருக்கும். அதற்கு நம் தட்டு தெரியாது. தமிழகத்தில் எழுதப்பட்ட நல்ல நூல்கள் சாமை, தினை, வரகு பற்றி விரிவாகப் பேசுகின்றன. சித்த மருத்துவர் கு. சிவராமன் ஆனந்த விகடனில் எழுதி நூலாக வந்த ‘ஆறாம் திணை’ இவ்வகையில் பலரும் அறிந்தது. மரபு உணவின் மீது ஆர்வம் பிறக்க நல்ல நூல். ஆனால் அது கட்டுரைத் தொகுப்பு, நோயாளிக்கான உணவு அட்டவணை அல்ல. சித்தியவானில் சிறுதானியம் கப்பலேறி வரும் பொருள். இங்கே மலிவாகக் கிடைப்பவை தெம்பே, தௌஹு, காங்கோங், பாயாம், பந்தாய் ரெமிசில் கரையேறும் கெம்போங் மீன். கெம்போங் கிடைக்கும் ஊரில் சால்மன் வாங்கச் சொல்லும் நூலால் கடைக்காரருக்கே லாபம். ரொட்டி சானாய் ஒன்றில் ஏறக்குறைய 300 கிலோகலோரி இருப்பதையோ, தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலில் எடையில் பாதிக்குச் சர்க்கரை இருப்பதையோ சென்னையில் அச்சான நூல் சொல்லாது.

அந்தத் தகவல் இங்கேயே இருக்கிறது, தமிழில்தான் இல்லை. தீ ஈ சியோங்கும் குழுவினரும் தயாரித்து மருத்துவ ஆய்வுக் கழகம் வெளியிட்ட மலேசிய உணவுச் சத்து அட்டவணையின் 1997 பதிப்பில் நாசி லெமாக், ரொட்டி சானாய் போன்ற சமைத்த பண்டங்களுக்கும் கணக்கு உண்டு. சுகாதார அமைச்சின் மலேசிய உணவு வழிகாட்டி 1999, 2010, 2020 என மூன்று பதிப்புகள் கண்டது. கடைசிப் பதிப்பில் 14 முக்கியச் செய்திகள் இருக்கின்றன. அமைச்சின் அகப்பக்கத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்ற தட்டு முறையும் அமைச்சினுடையதே: கால் தட்டு சோறு அல்லது மாவுப் பண்டம், கால் தட்டு மீன், கோழி, பருப்பு, மீதி அரைத் தட்டு காய்கறி, பழம். நம் வாழையிலையில் சோறு பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வதை நினைத்தால், இந்த ஒரு படம் பல நூல்களின் வேலையைச் செய்துவிடும்.

இந்தியப் பக்கத்து எண்களுக்கும் நம்பகமான மூலம் இருக்கிறது. குன்னூரில் ஐக்ராய்ட் 1937-இல் வெளியிட்ட சிறு ஏட்டிலிருந்து வளர்ந்த அட்டவணையைச் சேலத்தில் பிறந்த சி. கோபாலன் குழுவினர் விரிவாக்கினர். ஐதராபாத் தேசியச் சத்துணவு நிறுவனம் 2017-இல் 528 உணவுகளுக்குப் புதிய அட்டவணை கொண்டு வந்தது. ஒரு தமிழ் நூல் இட்லி, முருங்கைக்கீரைக்கு எண் கொடுத்தால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். பல நூல்கள் சொல்வதில்லை.

அச்சான ஆண்டையும் பாருங்கள். முட்டை மஞ்சள் கருவைக் கண்டு அலறும் நூல் பெரும்பாலும் பழையது. உணவுக் கொலஸ்ட்ராலுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று அமெரிக்க வழிகாட்டி வைத்திருந்த உச்ச வரம்பை 2015 பதிப்பு கைவிட்டது. எட்டாம் பதிப்பு, பத்தாம் பதிப்பு என்று போட்டிருந்தாலும் உள்ளே திருத்தம் நடந்ததா, மறு அச்சு மட்டுமா என்பதை முன்னுரை காட்டிக்கொடுத்துவிடும்.

கையில் காசு ஒரு நூலுக்குத்தான் என்றால், தமிழ் நூலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு அமைச்சின் வழிகாட்டியை இலவசமாக இறக்கிக்கொள்வது கட்டுப்படியாகும். ஆங்கிலமும் மலாயும் படிக்கும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளை வீட்டில் இருந்தால் பாட்டிக்கு வாரம் ஒரு செய்தியாகப் படித்துச் சொல்லலாம். 14 வாரத்தில் முடிந்துவிடும். தமிழ் நூலைத் தேர்வு செய்யும் பொறுப்பை மட்டும் காசு கொடுப்பவரிடம் விடாமல், அடுப்படியில் நிற்பவரிடம் விடுவது நல்லது. எழுத்தின் அளவு அவர் கண்ணுக்குப் போதுமா, சொல்லும் பண்டம் பாசாரில் கிடைக்குமா என்பதை இரண்டு பக்கம் புரட்டியதுமே அவர் சொல்லிவிடுவார்.

வாங்கிய நூலை அடுத்த கிளினிக் தேதிக்குக் கையோடு எடுத்துச் செல்லலாம். பின்பற்ற நினைக்கும் பக்கத்தை மடித்து வைத்து, மருந்துப் பட்டியலோடு சேர்த்து மருத்துவரிடமோ உணவியல் அதிகாரியிடமோ காட்டினால், எது ஆகும் எது ஆகாது என்பதை அவர் அங்கேயே பேனாவால் குறித்துக் கொடுக்க முடியும்.