கடிகாரம் கற்பித்த ஓட்டம்

ஓடுவதும் நடப்பதும் மனிதனோடு பிறந்தவையே ஆயினும், அவ்விரண்டையும் நிமிஷக் கணக்கில் பகுத்து மாறி மாறி அப்பியாசம் செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில், பின்லாந்து வீரர் பாவோ நூர்மி, கையில் ஏந்திய கடிகாரத்தை நோக்கியவாறே ஓடி, ஒரே நாளில் 1500 மீட்டர், 5000 மீட்டர் ஆகிய இரு பந்தயங்களிலும் வென்றபோது, காலத்தை அளந்து ஓடுவதன் மகிமையை உலகம் கண்டது.

பின்னர் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில், பயிற்சியாளர் கெர்ஷ்லரும் ஹிருதய வைத்தியர் ரைண்டலும், வேகமாக ஓடும் வீரரின் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 180 அளவுக்கு ஏறியதும் ஓய்வளித்து, அது 120-க்கு இறங்கியபின் மறுபடி ஓடச் செய்தனர். இடையில் வரும் ஓய்வே ஹிருதயத்தைப் பலப்படுத்துகிறது என்பது அவர்களது சித்தாந்தம். கெர்ஷ்லரிடம் பயின்ற ஹார்பிக், 1939-ல் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

வீரர்க்கே உரியதாயிருந்த இவ்வித்தையின் சாரத்தை, 1974-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஜெஃப் காலோவே என்னும் ஒலிம்பிக் ஓட்டக்காரர், களைப்பு வருமுன்பே சற்று நடக்கும்படி கற்பித்துச் சாமானியர்க்கும் உரியதாக்கினார். இன்று மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் குறித்த விநாடியில் மெல்ல அதிர, மூச்சிரைக்கும் முதியவர் வெட்கமின்றி நடையைத் தளர்த்துகிறார்; அது மீண்டும் அதிர, நம்பிக்கையோடு அடியெடுத்து ஓடுகிறார். இளைப்பாறுதல் தோல்வியன்று, பிரயத்தனத்தின் ஓர் அங்கமே என்பதே இச்சரித்திரம் நமக்களிக்கும் உபதேசம்.