ஆக்சிஜனுக்குச் செஞ்ச குடுவையில சாம்பார் சாதம்

ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கிற சமயத்துல பாத்திரக் கடைப் பக்கம் போயிருக்கீங்களா? எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அடுக்குக்குப் பக்கத்துலயே இப்ப இன்னொரு அடுக்கு இருக்கும். ஹாட் பாக்ஸ், லஞ்ச் ஜார், வாக்குவம் ஃபிளாஸ்க்குன்னு விதவிதமா. ஒவ்வொண்ணையும் காட்டி கடைப்பையன் "12 மணி நேரம் சூடு தாங்கும் சார்"ம்பார். எவ்வளவு சூடு, எவ்வளவு உள்ள வச்சா, வெளிய என்ன வெயில்னு திருப்பிக் கேட்டுப் பாருங்க. ஒரு சிரிப்புதான் பதில். காலைல 7 மணிக்குக் கட்டுற சாப்பாட்டைப் பிள்ளை மதியம் 12.30-க்குத் திறக்குது. நடுவுல அஞ்சரை மணி நேரம். இந்த அஞ்சரை மணி நேரத்துக்கு எந்த டப்பா தாங்கும்னு தேடப் போயி, நான் போய்ச் சேர்ந்த இடம் 1892-ஆம் வருஷத்து லண்டன். (சத்துணவு சாப்பிடற பிள்ளைங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. அங்கேயே சமைச்சு, அங்கேயே சுடச்சுடப் போட்டுடறாங்க.)

லண்டன்ல ராயல் இன்ஸ்டிடியூஷன்னு ஒரு பழைய அறிவியல் நிறுவனம். மைக்கேல் ஃபாரடே வேலை பார்த்த அதே இடம். அங்க 1877-லேர்ந்து பேராசிரியரா இருந்தவர் ஜேம்ஸ் டூவர், ஸ்காட்லாந்துக்காரர். இவருக்கு சாப்பாட்டுச் சூட்டைப் பத்திக் கடுகளவும் கவலை கிடையாது. கவலை நேர் எதிர்த் திசையில. காத்தையும் ஆக்சிஜனையும் குளிர வச்சுத் தண்ணி மாதிரி ஆக்குற காலம் அது. திரவ ஆக்சிஜன் கொதிக்கிறதே மைனஸ் 183 டிகிரியில. நம்ம வீட்டு வெப்பம் அதுக்கு எரியுற அடுப்பு மாதிரி. மாங்கு மாங்குன்னு உழைச்சு ஒரு கிண்ணம் ஆக்சிஜனைத் திரவமாக்கினா, பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கொதிச்சு ஆவியாப் போயிடும். அதை வச்சு என்ன ஆராய்ச்சி பண்றது?

வெப்பம் ஒரு பாத்திரத்துக்குள்ள நுழையவோ வெளிய போகவோ மூணே வழிதான்னு எட்டாங்கிளாஸ்ல படிச்சிருப்போம். கடத்தல், சலனம், கதிர்வீச்சு. டூவர் 1892-ல செஞ்சது, ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ள இன்னொரு கண்ணாடிக் குடுவை. ரெண்டும் கழுத்துல மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். நடுவுல இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துட்டார். காத்தே இல்லேன்னா கடத்தவும் ஆளில்ல, சுத்தி வரவும் ஆளில்ல. மிச்சம் இருக்கிற கதிர்வீச்சுக்குக் கண்ணாடிச் சுவர்ல வெள்ளிப் பூச்சு. மூணு கதவும் சாத்தியாச்சு, கழுத்து ஒண்ணுதான் பாக்கி. இன்னிக்கு உங்க வீட்டு லஞ்ச் ஜார்லயும் சூடு போற முக்கியமான ஓட்டை அதே கழுத்தும் மூடியும்தான். வாய் அகலமா இருக்கிற ஜார் ஏன் குறுகின வாய் ஃபிளாஸ்க் அளவுக்குச் சூடு தாங்கறதில்லைங்கறதுக்கு பதில் இதுலயே இருக்கு.

இந்தக் குடுவையை வச்சுத்தான் 1898-ல ஹைட்ரஜனையே திரவமாக்கிக் காட்டினார் மனுஷன். மைனஸ் 253 டிகிரி! அடுத்து ஹீலியம்தான் மிச்சம். அந்தப் பந்தயத்துல 1908-ல நெதர்லாந்தோட காமர்லிங் ஒன்னஸ் முந்திக்கிட்டார். நோபல் பரிசுக்கு டூவர் பேரு பலதடவை பரிந்துரைக்கப்பட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. டூவருக்கும் ஆபெல்ங்கறவருக்கும் சேர்ந்து கார்டைட்ங்கற வெடிமருந்துக்குக் காப்புரிமை இருந்தது. அது என்னோட சரக்குன்னு ஆல்ஃபிரட் நோபல் தரப்பு இங்கிலாந்துல வழக்குப் போட்டுத் தோத்தது. அதாவது காப்புரிமைன்னா என்ன, கோர்ட்டுன்னா என்னன்னு தெரியாத அப்பாவி இல்ல டூவர். அப்படிப்பட்டவர் இந்தக் குடுவைக்கு மட்டும் காப்புரிமை வாங்காம விட்டார். ஆய்வுக்கூடச் சாமான்தானேன்னு நினைச்சிருக்கலாம்.

பெர்லின்ல ரைன்ஹோல்ட் பர்கர்னு ஒரு கண்ணாடி ஊதுற கைவினைஞர் அப்படி நினைக்கல. மெல்லிசுக் கண்ணாடி, நடுவுல வெற்றிடம், லேசா தட்டினாலே போச்சு. இதை வீட்டுல எப்படி வச்சுக்கிறது? பர்கர் ரெண்டு சுவருக்கும் நடுவுல சின்னச் சின்ன முட்டு கொடுத்து, வெளிய ஒரு உலோகக் கூடு போட்டார். 1903-ல காப்புரிமைக்கு மனு, 1904-ல கம்பெனி. 'தெர்மோஸ்'னு பேரு, சூடுங்கற அர்த்தத்துல வர்ற கிரேக்கச் சொல். குளிருக்குன்னு பொறந்த பிள்ளைக்கு சூடுன்னு பேரு வச்சது இவங்கதான். டூவர் கோர்ட்டுக்குப் போனார். கண்டுபிடிச்சது அவர்தான்னு யாரும் மறுக்கல. ஆனா காப்புரிமை இல்லையே! தோத்துட்டார்.

என்னைக் கேட்டா பர்கரைத் திருடன்னு சொல்ல மாட்டேன். டூவரோட குடுவையை ஒரு பிள்ளை கையில கொடுக்க முடியாது. பர்கரோட குடுவையைக் கொஞ்சமாவது கொடுக்கலாம். அந்த முட்டும் தகரக் கூடும் சின்ன விஷயமாத் தெரியுது, ஆனா ஆய்வுக்கூடத்துலேர்ந்து அடுப்படிக்கு வந்த தூரம் அதுதான்.

கொஞ்சமாவதுன்னு ஏன் சொல்றேன்னா, உள்ளே இருக்கிறது கண்ணாடிதானே. பழைய ஃபிளாஸ்க்கைக் கீழ போட்டவங்களுக்குத் தெரியும். வெளியில ஒரு கீறல் இருக்காது, எடுத்து ஆட்டினா உள்ள கலகலன்னு சத்தம் கேக்கும் :-( அப்புறம் 'ரீஃபில்' வாங்க அலையணும். இதுக்கு மாத்து தேடினவர் அமெரிக்காவோட வில்லியம் ஸ்டான்லி. 1886-ல மாசசூசெட்ஸ்ல கிரேட் பேரிங்டன்ங்கற ஊரோட கடைத்தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வச்சு மாறுமின்சாரத்துல விளக்கெரிய வச்சாரே, அதே ஸ்டான்லி. 1913-ல முழுக்க எஃகுலயே வெற்றிடக் குடுவை கொண்டு வந்தார். உடையாது, ஆனா கனம். கட்டட வேலைக்குப் போறவர் தூக்கலாம், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை தூக்க முடியாது.

பிள்ளைங்க கதை அமெரிக்காவுல வேற ரூட்ல போச்சு. அலாவுதீன்னு (ஆமா, அற்புத விளக்கு அலாவுதீனேதான்) ஒரு மண்ணெண்ணெய் விளக்குக் கம்பெனி, ஃபிளாஸ்க்கும் லஞ்ச் பாக்ஸும் செஞ்சுக்கிட்டு இருந்தது. தகர டப்பா கெட்டியா உழைச்சா யார் புதுசு வாங்குவா? 1950-ல ஹாப்பலாங் கேசிடிங்கற டிவி கௌபாய் படத்தை டப்பா மேல ஒட்டி வித்தாங்க. முதல் வருஷமே 6 லட்சம்! தெர்மோஸ் கம்பெனி சும்மா இருக்குமா? 1953-ல ராய் ராஜர்ஸ்னு இன்னொரு கௌபாயைப் பிடிச்சு டப்பா முழுக்க அச்சடிச்சது. சாப்பாட்டு டப்பாவுக்கும் சாப்பாட்டுக்கும் இருந்த சம்பந்தம் அன்னிக்கு அறுந்ததுன்னு சொல்லலாம். இப்பவும் படம் பார்த்து டப்பா கேக்கிற பிள்ளைக்கும், டப்பா பார்த்துப் படம் ஒட்டற கம்பெனிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நாமதான்.

இதே ரெண்டு கம்பெனிக்கும் அப்புறம் கோர்ட்டுல பெரிய சண்டை. தெர்மோஸ்ங்கற பேரு எங்களோட வணிகச் சின்னம்னு ஒருத்தர், ஊர்ல எல்லாரும் எந்த ஃபிளாஸ்க்கையும் அப்படித்தானே கூப்பிடறாங்கன்னு இன்னொருத்தர். சர்வே எடுத்துப் பார்த்ததுல இந்தச் சாமானைத் தெரிஞ்சவங்கள்ல 75 சதவீதம் பேர் அதை தெர்மோஸ்னுதான் சொன்னாங்களாம். அது ஒரு கம்பெனி பேருன்னு தெரிஞ்சவங்க 12 சதவீதம். 1962-ல தீர்ப்பு, 1963-ல மேல்முறையீட்டுலயும் அதே தீர்ப்பு: பெரிய எழுத்துல ஆரம்பிச்சா அது கம்பெனிக்குச் சொந்தம், சின்ன எழுத்துல ஆரம்பிச்சா பொதுச்சொல். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாதுங்கறதால இந்தத் தீர்ப்பை இங்க அமல்படுத்த வழியே இல்ல :-) நம்மாளுங்க 'தெர்மாஸ் ஃபிளாஸ்க்'னு ஒரே மூச்சுல சொல்லி பர்கரையும் டூவரையும் சேர்த்து வச்சுட்டாங்க.

நம்ம ஊரு ஹாட் பாக்ஸ் இந்த வம்சத்துல சேராது. அது வேற சாதி. 1937-ல ஜெர்மனியில ஓட்டோ பேயர் கண்டுபிடிச்ச பாலியூரிதேன், நுரையா மாறி, ரெண்டு சுவருக்கு நடுவுல ஊத்தப்பட்டது. வெற்றிடம் கிடையாது, நுரையில அடைபட்ட குட்டிக் குட்டி வாயுக் குமிழிகள்தான் சூட்டைப் பிடிச்சு வைக்கும். 80-களுக்கு அப்புறம் கல்யாணச் சீர்வரிசையில இடம் பிடிச்ச அந்தப் பெரிய ஹாட் பாக்ஸ் எல்லாம் இதுதான். ராத்திரி சப்பாத்தி போட்டு வச்சு ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிட அற்புதமான சாமான். அதையே சின்னதா அடிச்சு ஸ்கூலுக்குன்னு விக்கும்போதுதான் சிக்கல். சின்னப் பாத்திரம்னா உள்ள இருக்கிற சோறு கொஞ்சம், அதைச் சுத்தி இருக்கிற பரப்பு அதிகம், சீக்கிரம் ஆறும். மதியம் திறந்தா வெதுவெதுப்பு.

வெதுவெதுப்பு இருந்தா நல்லதுதானேன்னு தோணும். இல்லீங்க. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாப் படிங்க. 5 டிகிரியிலேர்ந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி பெருகற எல்லைன்னு உணவுப் பாதுகாப்பு ஆளுங்க சொல்றாங்க. சோத்துக்குன்னே பேசிலஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா. இதோட வித்து வேகவச்சாலும் சாகாது. சோறு வெதுவெதுன்னு கெடந்தா முளைச்சுப் பெருகும். வாந்தி வரவைக்கிற நஞ்சு உண்டாகிட்டா, மறுபடி சூடு பண்ணினாலும் அது போகாது. மணிக்கணக்கா வெதுவெதுப்பாவே வச்சிருக்கிற டப்பா, இந்தக் கிருமிக்குப் போட்டுக் கொடுத்த தொட்டில். ஒண்ணு, 60-க்கு மேல வைக்கணும். இல்லேன்னா சூடு வேணும்னு அடம் பிடிக்காம, சாதாரண எவர்சில்வர் டப்பாவுல நல்லா ஆறவிட்டு, அஞ்சரை மணி நேரம் கெடாத புளிசாதம் மாதிரி எதையாவது கட்டணும். புளிசாதத்தைக் கண்டுபிடிச்ச நம்ம பாட்டிங்க டூவருக்கு முன்னாடியே விஷயம் புரிஞ்சவங்க.

60-க்கு மேல வைக்கிற டப்பா கைக்கு அடக்கமா வந்தது 1978-ல. ஜப்பான்ல நிப்பான் சான்சோன்னு ஒரு கம்பெனி, லேசான எவர்சில்வர்லயே வெற்றிடக் குடுவை செஞ்சு விட்டது. சான்சோன்னா ஜப்பான் மொழியில என்னன்னு நினைக்கிறீங்க? ஆக்சிஜன்! திரவ ஆக்சிஜன் மாதிரி வாயுக்களைத் தயாரிச்சு விக்கிறதுதான் அவங்க தொழிலே. டூவர் விட்ட இடத்துலேர்ந்து நேரா வந்து பிடிச்சிருக்காங்க. 1989-ல தெர்மோஸ் கம்பெனியையே வாங்கிட்டாங்க.

வாங்கறதுக்கும் ஜப்பான்காரங்களோட அளவுகோல்தான் உதவுது. அவங்க தரக்கட்டுப்பாட்டு முறையில "இத்தனை மணி நேரம் சூடு"ன்னு மொட்டையாச் சொல்றதில்ல. 20 டிகிரி அறையில வெந்நீர் நிரப்பி, 95 டிகிரியிலேர்ந்து எண்ண ஆரம்பிச்சு, 6 மணி நேரம் கழிச்சு எத்தனை டிகிரி மிச்சம்னு பெட்டி மேலயே போடறாங்க. 6 மணி நேரம்! நம்ம பள்ளிக்கூடக் கணக்குக்குன்னே வச்சா மாதிரி. அப்படி நம்பர் போட்ட டப்பா இருந்தா அதை எடுங்க. இல்லேன்னா வீட்டுலயே கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடி, கொஞ்ச நேரம் கழிச்சு வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்க. சுட்டா வெற்றிடம் இல்லைன்னு அர்த்தம். 6 மணி நேரம் கழிச்சு சமையல் தெர்மாமீட்டரை விட்டும் பார்த்துடுங்க. ஆனா தண்ணி காட்டற நம்பரை அப்படியே சோத்துக்கு நம்பாதீங்க. சோறு 95 டிகிரியில உள்ள போறதில்ல, தண்ணி அளவுக்குச் சூட்டைச் சேமிச்சு வைக்கிறதும் இல்ல. அதனால அடுப்புலேர்ந்து இறக்கின சூட்டோட, விளிம்பு வரைக்கும் நிரப்பணும். பிள்ளை சாப்பிடற அளவுக்குச் சின்ன ஜாரா எடுத்தா போதும்; பெரிசா வாங்கி அரை ஜார் கட்டறது வீண். நிரப்பறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வெந்நீர் ஊத்தி வச்சுக் கொட்டிடுங்க. இல்லேன்னா சோத்துச் சூட்டுல கொஞ்சத்தை எவர்சில்வரே குடிச்சிடும்.

சாம்பார் சாதம், பொங்கல், ரசம், நூடுல்ஸ் இதுக்கெல்லாம் ஜார் சரி. தோசையையும் பூரியையும் வச்சா ஆவியில நனைஞ்சு பிள்ளை திருப்பிக் கொண்டு வந்துடும். தயிர்சாதத்தைத் தப்பித்தவறிக்கூட சூட்டுல வைக்காதீங்க, புளிச்சுப் போகும்.

கடைசியா மூடி. உள்ள இருக்கிற ஆவி ஆறினா அழுத்தம் குறைஞ்சு, வெளிக் காத்து மூடியை இறுக்கிப் பிடிச்சுக்கும். பெரியவங்களே திணறணும். நல்ல ஜார்ல மூடி நடுவுல ஒரு சின்ன ரப்பர் அடைப்பு இருக்கும், அதைத் தூக்கிவிட்டா புஸ்ஸுன்னு காத்து உள்ள போயி மூடி சுலபமாக் கழண்டுடும். முதல்நாள் ஸ்கூலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, சூடா எதையாவது போட்டு மூடி, மூணு மணி நேரம் கழிச்சு அந்தப் பிள்ளையையே திறக்கச் சொல்லிப் பாருங்க.