பெட்டியடியிலிருந்து மேலாள் வரை

1930-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அந்த நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. முதலாளிகளில் பலர் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துத் தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். கடிதம் கப்பலில் போய்ப் பதில் வர நாளாகும். தந்தி இருந்தது என்பது உண்மைதான்; ஆனால் எதிரே வந்து நிற்கும் நெல் வியாபாரிக்குக் கடன் கொடுக்கலாமா என்று தந்தியில் கேட்டுக்கொண்டிருந்தால் கடை நடக்காது. ஆக, தானாக முடிவெடுக்கத் தெரிந்த ஆள் கடைக்கு ஒருவராவது வேண்டும். இத்தனை பேர் எங்கிருந்து கிடைத்தார்கள் என்று கேட்டால், சாதிக் கட்டுப்பாடும் உறவு நம்பிக்கையும்தான் காரணம் என்று வழக்கமாகச் சொல்லிவிடுவார்கள். உறவு இருந்தால் பணத்தை நம்பி ஒப்படைக்கலாம். யாருக்குக் கடன் மறுக்க வேண்டும் என்பதை உறவு கற்றுக்கொடுக்காது. அதைக் கற்றுக்கொடுத்தது கடைக்குள்ளேயே இருந்த ஓர் ஏணி.

அதன் கீழ்ப்படியில் பெட்டியடிப் பையன். மாகாணியும் அரைக்காலும் முந்திரியும் மனப்பாடமாகத் தெரிந்த சிறுவன். கடை கூட்டுவது, பக்கத்துக் கடைக்கு ஓடுவது, கடிதத்தைப் படியெடுப்பது என்று எடுபிடி வேலை எல்லாம் அவனுடையது. ஆனால் உட்காரும் இடம் கைப்பெட்டியின் அருகில். கடன் கேட்டு வருகிறவரிடம் மேலாள் என்ன கேட்கிறார், எப்போது பேச்சை மாற்றுகிறார், எப்படி நோகாமல் இல்லையென்கிறார் என்பதெல்லாம் அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பிறகு அவன் அடுத்தாள் ஆவான்: பேரேடு எழுதுவான், வசூலுக்குப் போவான், மேலாள் வெளியூர் போனால் கடையைப் பார்த்துக்கொள்வான். கடைசிப் படி மேலாள். முதலாளி எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு மூன்று ஆண்டுக் கணக்கில் கடையை நடத்துவார். சம்பளம் முன்கூட்டியே பேசி ஒரு பகுதி முன்பணமாகக் கிடைக்கும். லாபத்திலும் பங்கு உண்டு. கணக்கு முடிந்ததும் ஐந்தொகை போட்டு, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. பின்னாளில் பெரிய தொழில் குழுமமாக வளர்ந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஏ.எம். முருகப்பச் செட்டியார், பதினான்கு வயதில் பர்மாவில் உறவினர் கடையில் வேலை பழகியவர்தான்.

இந்த முறையின் சூட்சுமம் அந்த மூன்று ஆண்டுக் கெடுவில் இருந்தது. மேலாள் தவறு செய்தாலும் அது ஒரு கணக்குக்கு மேல் நீளாது. அதனால்தான் முதலாளியால் துணிந்து முழு அதிகாரத்தையும் கொடுக்க முடிந்தது. கடையைத் தாங்கக்கூடிய அடுத்தாள் ஒருவன் தயாராக இருந்தால்தான் மேலாளும் நிம்மதியாகக் கப்பலேறலாம். கீழே உள்ளவனை வளர்ப்பது அவருக்குத் தருமமல்ல, தேவை. தேறிய மேலாள் சேமித்த பணத்தில் சொந்தக் கடை வைத்துப் போட்டியாக மாட்டாரா என்று கேட்கலாம். வைத்தவர்கள் உண்டு. ஆனால் புதுக் கடை பழைய கடைகளிடம்தான் பணம் புரட்டியாக வேண்டும். நடப்பு வட்டியையும் ரங்கூன் முகல் தெருவில் எல்லாரும் கூடித்தான் நிர்ணயித்தார்கள். ஆகவே அவர் முதலில் நல்ல வாடிக்கையாளர், அதற்குப் பிறகே போட்டியாளர்.

குழந்தை உழைப்பை அலங்கரித்துப் பேசுகிறேன் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். விளையாடும் வயதில் கடல் கடந்துபோய், ஏச்சும் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் பெற்றோர் முகம் காணாமல் இருந்தார்கள். ஊரில் வீட்டு வரவுசெலவைத் தனியே சுமந்த ஆச்சிமாருக்கு, அவர்களுடைய சீதனப் பணமே கடைகளில் வட்டிக்குப் போடப்பட்டிருந்தும், இந்த ஏணியில் ஒரு படிகூட இல்லை. அது ஏற்றுக்கொண்ட தலைமையும் ஒரே ரகம். இளம் வயதில் மேடானுக்கு வேலைக்குப் போன ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' நாவலில், போர்முனை கண்டு திரும்பிய வட்டிக்கடை இளைஞனைப் பழையபடி தன் தொழிலுக்குரியவனாக முதலாளியால் பார்க்க முடிவதில்லை.

இதைவிடப் பெரிய குறை வேறு. அந்த ஏணி முதலைக் காக்கக் கற்பித்தது. கடன் வாங்கிய பர்மிய உழவரைப் பற்றி எதுவும் கற்பிக்கவில்லை. பர்மியர் எவரும் அதில் ஏறி மேலாளாகவும் வழியில்லை. 1930-ல் நெல் விலை சரிந்ததும், நன்றாகத் தேறிய மேலாள்கள் தாங்கள் கற்றபடியே ஈட்டு நிலங்களை எடுத்துக்கொண்டார்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-ல் அது 25 விழுக்காடு. நிலம் அவர்கள் கேட்டு வந்ததல்ல, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம்தான் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நிலம் இழந்தவருக்கு அந்த வேறுபாடு எதற்கு? 1942-ல் ஜப்பானியப் படை வந்ததால் மட்டும் இந்த முறை முடிந்துவிடவில்லை. 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியபோது, கடைக்காரர்களுக்காகப் பரிந்து பேச அந்த மண்ணில் அவர்கள் வளர்த்துவிட்ட பர்மியர் ஒருவரும் இல்லை.