இரண்டு இரவுகளின் இசைத்தட்டு

மேடையிற் பிறக்கும் இசை மேடையிலேயே மறைவது. அவையோர் செவியில் அது சில நாள் தங்கும், அவர்தம் பேச்சில் சில ஆண்டு வாழும், அதன்பின் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி வந்தபின் இந்நிலை மாறிற்று. எனினும், மூடிய பதிவுக்கூடத்தில் திருத்தித் திருத்தி அமைத்த இசையே தட்டுகளிற் பெரிதும் இடம்பெற்றது. அவையின் நடுவே, கைதட்டலும் கூச்சலும் ஊடுருவ, இசைத்தவாறே பதிவாகி நிலைத்த புகழ் பெற்ற தட்டுகள் மிகச் சிலவே. ஆல்மன் பிரதர்ஸ் என்னும் குழுவினர் 1971-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளியிட்ட 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' அவற்றுள் ஒன்று. 'சதர்ன் ராக்' என வழங்கும் அமெரிக்கத் தென்மாநில ராக் இசைக்கு இதனையே தலைவாயிலாகக் கொள்வர். அரை நூற்றாண்டு கடந்தும் கேட்போரை இழந்துவிடாத இத்தட்டு உருவான வரலாறு ஓர் இனத்தின் துயரப் பாட்டு இன்னோர் இனத்தார் கைக்குச் சென்ற வரலாறுமாகும்.

அமெரிக்கத் தென்மாநிலங்கள் பருத்தி விளைந்த மண். அப்பருத்தியை விளைவித்தோர் அடிமைகள். சட்டத்தால் அடிமை முறை ஒழிந்த பின்னரும் பள்ளி, பேருந்து, உணவகம் ஆகிய எங்கும் கறுப்பரும் வெள்ளையரும் பிரித்தே வைக்கப்பெற்றனர். இப்பிரிவினையைச் சட்டம் விலக்கியது 1964-இல்தான். மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிசு நகரில் சுடப்பட்டு வீழ்ந்தது 1968 ஏப்பிரலில். அதற்குப் பதினொரு திங்கள் கழித்து, 1969 மார்ச்சில், புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் அறுவர் ஒரு குழுவாயினர். கித்தார் கலைஞர் டுவேன் ஆல்மன், அவர்தம் இளவல் கிரெக் ஆல்மன், மற்றொரு கித்தார் கலைஞர் டிக்கி பெட்ஸ், பேஸ் கித்தார் இசைத்த பெரி ஓக்லி, டிரம் வாசித்த புட்ச் டிரக்ஸ், உடன் வாசித்த ஜெய்மோ. அறுவருள் ஜெய்மோ கறுப்பினத்தவர். ஓட்டிஸ் ரெடிங்கின் குழுவில் முன்னர் வாசித்தவர். தென்மாநிலங்களில் அந்நாளில் இத்தகைய குழு ஊர் ஊராகச் செல்வது எளிய செயலன்று.

அறுவரும் விரைவில் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரிற் குடியேறினர். லிட்டில் ரிச்சர்டு பிறந்த ஊர் அது. ஓட்டிஸ் ரெடிங் வாழ்ந்த ஊரும் அதுவே. ரெடிங்கின் மேலாளராக இருந்த ஃபில் வால்டன், 1967-இல் ரெடிங் விமான விபத்தில் மாண்டபின், கேப்ரிகார்ன் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி டுவேனை நம்பிப் பொருளிட்டார். பொருள் வந்தது, வருவாய் வரவில்லை. 1969-இலும் 1970-இலும் வெளிவந்த முதலிரு தட்டுகளும் சரிவர விற்கவில்லை. கையிற் காசில்லாத அந்நாள்களில் இவர்களுக்குச் சோறிட்டது, ஐனஸ் ஹில், லூயிஸ் ஹட்சன் என்னும் இரு கறுப்பினப் பெண்கள் மேக்கனில் நடத்திய எச் அண்ட் எச் என்னும் சிறு உணவகம். இரண்டு தட்டு உணவு வாங்கி அனைவரும் பகிர்ந்துண்ண முயன்றதைக் கண்ட லூயிஸ் அம்மையார் எல்லார்க்கும் உணவிட்டார் என்பது அவ்வூரில் இன்றும் சொல்லப்படும் செய்தி. இசை விமர்சகர்கள் இதனை ஒரு துணுக்காகவே எழுதிச் செல்வர். ஆயின் இக்குழுவினர் கறுப்பின மக்களிடம் பெற்றது பாட்டு மட்டுமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பாட்டின் கணக்கோ தட்டிலேயே வெளிப்படையாக உள்ளது. இரட்டைத் தட்டில் உள்ளவை ஏழே உருப்படிகள். அவற்றுள் முதல் நான்கும் கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் பாடல்கள்: பிளைண்ட் வில்லி மெக்டெல், எல்மோர் ஜேம்ஸ், டி-போன் வாக்கர், வில்லி காப்ஸ் ஆகியோர் பெயரோடு வழங்குபவை. தட்டைத் தொடங்கிவைக்கும் 'ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்' பாடலை மெக்டெல் 1928-இல் பதிவு செய்தார். அவர் ஜார்ஜியாவில் பிறந்த பார்வையற்ற பாணர். பன்னிரண்டு நரம்புக் கித்தாருடன் அட்லாண்டா நகரத் தெருக்களிற் பாடிப் பொருள் பெற்றவர். 1959-இல் அவர் மறைந்தபோது உலகம் அதனைக் கண்டுகொள்ளவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க் அவையில் அவர் பாடலின் முதல் நரம்பொலிக்கே ஆரவாரம் எழுகின்றது. அதனைக் கேட்க அவர் இல்லை.

அந்த முதல் நரம்பொலியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கித்தாரின் மெட்டுகளில் விரல் பதியாமல், நரம்புகளின் மேல் ஒரு கண்ணாடிக் குழலை வழுக்கிச் சென்று சுரங்களை எழுப்பும் முறை அது. கோட்டு வாத்தியம் கேட்டுப் பழகிய செவிக்கு இதன் இயல்பு உடனே விளங்கும். சுரத்திலிருந்து சுரத்திற்குத் தாவாது இழைந்து செல்வதால் மனிதக் குரலின் அழுகையும் ஏக்கமும் அதில் வந்துவிடுகின்றன. டுவேன் இதனைக் கற்றது குருவிடமன்று. 1968-இல் குதிரையிலிருந்து விழுந்து கையில் அடிபட்டும் சளி பிடித்தும் படுத்திருந்த தமையனுக்கு, அவர்தம் இருபத்திரண்டாம் பிறந்த நாளில், தாஜ் மகால் என்னும் கறுப்பினப் பாடகரின் தட்டொன்றையும் ஒரு சளி மாத்திரைப் புட்டியையும் வைத்துவிட்டு வந்ததாகக் கிரெக் பின்னாளிற் கூறினார். அத்தட்டில் மெக்டெலின் அதே பாடல் இருந்தது. மாத்திரைகளைக் கொட்டிவிட்டு வெறும் புட்டியை விரலில் மாட்டிக்கொண்டார் டுவேன். அவர் கையில் இறுதிவரை இருந்தது அவ்வகை மருந்துப் புட்டியே.

நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூவில் இருந்த ஃபில்மோர் ஈஸ்ட், 1926-இல் கட்டப்பெற்ற பழைய நாடகக் கொட்டகை. பில் கிரகாம் என்பார் 1968 மார்ச்சில் அதனை ராக் இசை அரங்காக்கினார். 1971 மார்ச் 12, 13 ஆகிய இரு இரவுகளும், இரவுக்கு இரண்டு காட்சிகளாக, ஆல்மன் குழுவினர் அங்கு இசைத்ததே தட்டாயிற்று. விளம்பரத்தில் முதற்பெயர் இவர்களுடையதன்று, ஜானி வின்டருடையது.

பதிவை மேற்பார்த்த டாம் டௌட், ரே சார்ல்ஸ், அரீத்தா ஃபிராங்க்ளின், ஜான் கோல்ட்ரேன் முதலியோரைப் பதிவு செய்தவர். இளமையில் அணுகுண்டு ஆய்வுத் திட்டத்திற் பணியாற்றியவர் என்பது வியப்பூட்டும் செய்தி. மார்ச் 11-ஆம் நாள் முன்னிரவில், அரங்கின் வெளியே நின்ற ஒலிப்பதிவு வண்டியில் அமர்ந்திருந்த அவர், அழைக்கப்படாத விருந்தினர்போல ஊதுகருவிக் கலைஞர் சிலர் மேடையேறியதைக் கேட்டுத் திடுக்கிட்டார். கித்தார்களோடு அவர்களின் சுருதி சேரவில்லை. அவர்கள் டுவேனின் நண்பர்கள். ஆயினும் டௌட் கண்டிப்பாகச் சொல்ல, டுவேன் விட்டுக்கொடுத்தார். அன்றைய இசை தட்டில் இடம்பெறவில்லை. அதன்பின் ஒவ்வோர் இரவும் நிகழ்ச்சி முடிந்ததும் குழுவினர் அட்லாண்டிக் நிறுவனப் பதிவுக்கூடம் சென்று, அன்று இசைத்ததை அன்றே கேட்டு, எது தேறிற்று, எதனை மறுநாளும் இசைக்கவேண்டும் என முடிவு செய்தனர். தம் பாட்டைத் தாமே பகைவர்போல் கேட்கும் இப்பழக்கம் கவிஞர்க்கும் அரிது. இறுதி இரவில் வெடிகுண்டு மிரட்டல் ஒன்றால் பின்காட்சி தாமதமாகிப் பொழுது விடியும்வரை நீண்டது.

தட்டின் உச்சமாகப் பலர் கருதுவது பாடல் வரி ஒன்றும் இல்லாத 'எலிசபெத் ரீடின் நினைவாக' என்னும் பதின்மூன்று நிமிட இசை. இதனை ஆக்கியவர் டிக்கி பெட்ஸ். மேக்கனில் ஓக்மல்கி ஆற்றின் கரையில் ரோஸ் ஹில் என்றொரு பழைய கல்லறைத் தோட்டம் உண்டு. குழுவினர் அங்குச் சென்று மரநிழலில் அமர்ந்து இசை புனைவர். பெட்ஸ் இவ்விசையைத் தம் உள்ளம் கவர்ந்த பெண்ணொருத்தியை எண்ணி அமைத்தார். அவளோ பிறிதொருவரின் காதலி. பெயரை வெளியிடுதல் இயலாது. எனவே அங்கிருந்த கல்லொன்றிற் கண்ட, 1935-இல் மறைந்த எலிசபெத் ரீட் நேப்பியர் என்னும் அம்மையாரின் பெயரை இசைக்குச் சூட்டினார். அகத்திணையில் ஒருவர் பெயரும் சுட்டப்படலாகாது என வரையறுத்தது தொல்காப்பியம். அவ்விலக்கணத்தை அறியாத ஓர் அமெரிக்க இளைஞர், காதலியின் பெயரை மறைக்க வேண்டி ஒரு கல்லெழுத்தின் பெயரைக் கடன் வாங்கி, அகப்பாட்டைக் கையறுநிலைப் பாட்டாக ஆக்கிவிட்டார். அறியாதோர் இரங்கற்பா என்றே கேட்பர். அறிந்தோர்க்கும் அதில் இரக்கம் குறைவதில்லை.

இவ்விசையின் அமைப்பு ஜாசிலிருந்து வந்தது. மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் ஆகியோரின் தட்டுகளைக் குழுவினர்க்கு அறிமுகம் செய்து இரவு பகலாகக் கேட்கச் செய்தவர் ஜெய்மோ. சுரக்கோவை ஒன்றை எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன வரும் என்பதை முன்னரே முடிவு செய்யாமல், ஒருவர் விரித்துச் செல்ல மற்றவர் பின்தாங்கும் முறை அது. மனோதர்மம் என்னும் சொல் இதற்கு மிகப் பொருந்தும். டுவேனும் பெட்சும் ஒரே பண்ணை இரு கித்தார்களில் இணைந்து இசைக்குமிடத்து ஒருவர் முந்துவதில்லை. ஒருவர் உச்சம் தொடுகையில் மற்றவர் அடங்குகின்றார். இத்தட்டைப் பிற்காலத்தார் பலர் பின்பற்றினர். அவர்கள் நீளத்தைப் பின்பற்றினர். அடக்கத்தைப் பின்பற்றியோர் குறைவு.

இனி, கடினமான பகுதி. தட்டின் இறுதி உருப்படி 'விப்பிங் போஸ்ட்': கசையடிக் கம்பம். இதனைக் கிரெக் இருபத்தொன்றாம் வயதில் எழுதினார். நள்ளிரவில் வரிகள் தோன்ற, தாளும் எழுதுகோலும் கிட்டாமையால், எரிந்த தீக்குச்சியின் கரியால் துணி தேய்க்கும் பலகையின் உறையில் எழுதிவைத்தார் என்பர். தொடக்கத் தாளம் பதினோர் எண்ணிக்கை கொண்டது: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. அது பதினொன்று என்பதே கிரெக்குக்குத் தெரியாது. தமையன் எண்ணிக் காட்டிய பின்னரே அறிந்தார். காதலியின் வஞ்சகத்தால் கசையடிக் கம்பத்திற் கட்டுண்டவன்போல் வருந்துவதே பாடலின் பொருள். தென்மாநிலங்களில் இக்கம்பம் வெறும் உவமையன்று. அதிற் கட்டப்பெற்று அடிபட்ட அடிமைகளின் பேரர் அந்நிலத்தில் வாழ்ந்துவந்தனர். அவர்களுள் ஒருவர் இப்பாடலுக்கே டிரம் வாசித்தார். வெள்ளை இளைஞர் ஒருவர் தம் காதல் துன்பத்திற்கு இவ்வுவமையை எடுத்தாளலாமா? பாடல் வரிகளில் அவ்வரலாற்றின் சுவடு ஒன்றேனும் இல்லை. இக்குறை சிறிதன்று.

எனினும் மேடையில் நிகழ்ந்தது வேறு. ஏட்டில் ஐந்து நிமிடப் பாடலாக இருந்தது ஃபில்மோரில் இருபத்து மூன்று நிமிடம் நீள்கின்றது. அவையிலிருந்து ஒருவர் பாடலின் பெயரை உரக்கக் கூவ, ஓக்லியின் பேஸ் கித்தார் தனியே உறுமித் தொடங்குகின்றது. சொல் மிகச் சிறு பகுதியே. எஞ்சியதெல்லாம் நரம்பும் தோலும். இடையில் தாளம் முற்றும் கரைந்து, ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டுப்போல் ஏதோ மிதந்து, மீண்டும் அலறலாகத் திரும்புகின்றது. தந்தையை 1949-இல் ஒரு கொலையாளியின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த இரு சிறுவரே பின்னாளில் இந்த ஆல்மன் சகோதரர் ஆயினர் என்பதை நினைந்து கேட்போர்க்கு, அவ்வலறல் ஒருத்தியின் வஞ்சகத்தை மட்டும் பாடுவதாகத் தோன்றாது. இசை அவ்வுவமையின் குறையை முழுதும் ஈடுசெய்தது எனல் பொருந்தாது. உவமை தாங்கமாட்டாத சுமையை இசை தாங்க முயன்றது என்னலாம்.

தட்டின் முகப்புப் படத்தை ஜிம் மார்ஷல் மேக்கனில் எடுத்தார். செங்கற் சுவரின் முன் அடுக்கிய கருவிப் பெட்டிகளிடையே அறுவரும் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். பின்னட்டையில் இருப்போர் இசைக்கலைஞர் அல்லர். பெட்டி சுமந்த பணியாளர்கள். அப்போது சிறையிலிருந்த தோழர் ஒருவரின் படத்தையும் சேர்த்துவிட்டனர். இரட்டைத் தட்டாயினும் விலையைக் குறைத்தே விற்றனர். தட்டு கடைக்கு வந்தபோது அது பதிவான அரங்கு இல்லை. சூன் 27-ஆம் நாள், இதே குழுவினரின் இசையோடு, பில் கிரகாம் அதனை மூடியிருந்தார். தட்டு விற்றது. பொன்தட்டுச் சான்று கிடைத்தது அக்டோபரில். அதே அக்டோபர் 29-இல் மேக்கன் தெருவொன்றில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் மாண்டார், அகவை 24. ஓராண்டு கழித்து, 1972 நவம்பர் 11-இல், அவ்விடத்திற்குச் சில தெருக்கள் தள்ளி, அதே வகை விபத்தில் ஓக்லியும் மாண்டார்.

'சதர்ன் ராக்' என்னும் பெயர் அதன்பின் பரவிற்று. பின்வந்த குழுக்களுட் சில, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட மாநிலங்களின் கொடியை மேடையில் விரித்தன. கிரெக் அப்பெயரை விரும்பியதில்லை. ராக் இசையே தென்மாநிலங்களிற் பிறந்ததாகலின் அடைமொழி மிகை என்பது அவர் கருத்து. 2004-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் இத்தட்டைச் சேர்த்தது. 2014-இல் அவ்விரவுகளின் முழுப் பதிவுகளும் ஆறு வட்டுகளாக வெளிவந்தன. தட்டில் இடம்பெறாது நின்ற ஊதுகருவிகளையும் இப்போது கேட்கலாம். டௌட் செய்தது சரியே.

ரோஸ் ஹில் தோட்டத்தில் டுவேனும் ஓக்லியும் அருகருகே கிடத்தப்பெற்றனர். 2017-இல் கிரெக்கும் அங்குச் சேர்ந்தார். அதே ஆண்டில் டிரக்சும், 2024 ஏப்பிரலில் பெட்சும் மறைய, அறுவருள் எஞ்சியவர் ஜெய்மோ ஒருவரே. கல்லறைகளைக் காண வருவோர் சற்று நடந்து எலிசபெத் ரீடின் கல்லையும் தேடிச் செல்கின்றனர்.