சுருட்டிய வெள்ளித் தகடும் முறிந்துபோன உடன்படிக்கையும்

1979ஆம் ஆண்டு. எருசலேம் பழைய நகரத்துக்குத் தென்மேற்கே, இன்னோம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கிற கல்லறைக் குகைகளைத் தொல்லியலாளர் கபிரியேல் பார்கே தோண்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒரு பெடியனிடம் ஒரு அறையைக் கூட்டித் துப்புரவாக்கச் சொன்னாராம். பெடியனுக்கு அலுப்படித்துவிட்டது. சுத்தியலால் தரையில் போட்டு அடிக்க, தரை உடைந்தது. பார்த்தால் அது தரையே இல்லை, எப்போதோ இடிந்து விழுந்த கூரை. அதற்குக் கீழே கள்ளர் கைபடாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள்.

அவற்றுக்குள் சிகரெட் அடிக்கட்டை அளவில் சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகள். தாயத்து மாதிரிக் கழுத்தில் கட்டியிருந்திருப்பார்கள். உடையாமல் விரித்தெடுக்க மூன்று வருசம் போனது. பெரியதை விரித்தாலும் பத்து சென்ரிமீற்றர் நீளம் வராது. எண்ணாகமத்தில் வருகிற ஆசாரியரின் ஆசீர்வாதம் இரண்டிலும் கீறியிருக்கிறது. பெரிய தகட்டில் இன்னொன்றும் உண்டு: தம்மை நேசிக்கிறவர்களுக்கு உடன்படிக்கையைக் காக்கிறவர் என்று கடவுளைச் சொல்லும் வரி. உபாகமம் 7ஆம் அதிகாரத்திலும் கிட்டத்தட்ட இதே சொற்கள்தான். அனேகமான ஆய்வாளர்கள் தகடுகளை கி.மு. 600ஐ ஒட்டி வைக்கிறார்கள். சாக்கடல் சுருள்களை விட ஏறக்குறைய நானூறு வருசம் பழசு.

எங்களை யோசிக்க வைத்ததே அந்தக் காலம்தான். கி.மு. 586 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை எரித்துவிட்டது, ஆலயத்தையும் சேர்த்து. உடன்படிக்கையைக் காக்கிறவர் என்று கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்த சனத்தின் நகரம் அது. அப்ப காத்தது என்ன?

இதுக்குப் பதில் தேட முதல், உடன்படிக்கை எண்டால் அந்தக் காலத்தில் என்ன என்று பார்க்கவேணும். எபிரேயத்தில் உடன்படிக்கையைச் ‘செய்வதில்லை’, ‘வெட்டுவார்கள்’. மிருகத்தை இரண்டாய்ப் பிளந்து, துண்டுகளுக்கு நடுவே நடப்பது வழக்கம். சொன்ன சொல் தவறினால் எனக்கும் இதே கதிதான் என்பது அதன் கருத்து. பேரரசுகளும் இப்படித்தான் கட்டிப்போட்டன. அசீரிய அரசன் எசரத்தோன் கி.மு. 672இல் தன் சிற்றரசர்களிடம் வாங்கிய சத்தியப் பலகைகள் 1955இல் நிம்ரூத்தில் கிடைத்தன. பட்டத்து இளவரசனை உயிர்போல நேசிக்கவேணும், மீறினால் சாபத்துக்கு மேல் சாபம். சத்தியம் எல்லாம் கீழே இருக்கிறவன் தலையில்தான். யூதாவும் அப்போது அசீரியாவுக்குத் திறை கட்டிய நாடு.

இதைத் தெரிந்துகொண்டு ஆதியாகமம் 15ஐத் திரும்ப வாசித்தால் தலைகீழாய் இருக்கிறது. ஆபிராம் மிருகங்களைப் பிளந்து வைக்கிறார். பிறகு அயர்ந்து நித்திரை. புகையும் சூளையும் தீப்பந்தமுமாய்த் துண்டுகளுக்கு நடுவே போவது கடவுள் மட்டும். ஆபிராம் நடக்கவே இல்லை.

நடந்தவர்களும் இருந்தார்கள். எரேமியா 34 அதிகம் பிரசங்கிக்கப்படாத அதிகாரம் (ஏன் என்று வாசித்தால் விளங்கும்). பாபிலோன் படை நகரைச் சுற்றி நிற்கையில், சிதேக்கியா ராசாவும் பெரிய மனிதரும் கன்றுக்குட்டியைப் பிளந்து நடுவே நடந்து, தங்கள் எபிரேய அடிமைகளை விடுதலை செய்வதாகச் சத்தியம் பண்ணினார்கள். விட்டும் விட்டார்கள். பிறகு முற்றுகை கொஞ்சம் விலகினது. உடனே விட்டவர்களை எல்லாம் திரும்பப் பிடித்து அடிமையாக்கினார்கள். ஆபத்தில் நேர்ந்துபோட்டு ஆபத்து விலகினதும் மறப்பது எங்களுக்குப் புதுசில்லைத்தானே. எரேமியா பார்வையில் நகரம் விழுந்தது கடவுள் சொல் மாறியதால் இல்லை. ஏழைக்குக் கொடுத்த சொல்லை முறித்தவர்கள் தாங்களே சொன்ன சாபத்துக்குள் போனார்கள்.

ஆனால் அதே எரேமியாவின் 31ஆம் அதிகாரம்தான் புதிய உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறது. கல்லில் இல்லை, இருதயத்தில் எழுதுவது. முறித்தவர்களோடேயே திரும்பவும். அந்த வாக்கு முதலில் சொல்லப்பட்டது இஸ்ரவேல் வீட்டாருக்கும் யூதா வீட்டாருக்கும். கடைசி இராப்போசனத்தில் இயேசு கிண்ணத்தை எடுத்து அந்தச் சொல்லைத் தன் இரத்தத்தோடு சேர்த்ததால்தான் கிறிஸ்தவர்கள் இதற்குள் வருகிறார்கள்.

வந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பது வெட்கமான கதை. கடவுள் யூதரைக் கைவிட்டு எங்களை எடுத்துக்கொண்டார் என்று திருச்சபை நூற்றாண்டுக் கணக்காய்ப் போதித்தது. அந்தப் போதனையின் நிழலில் யூதர் அடியும் சாவும் கண்டார்கள். எங்களுக்கு விளங்காதது இதுதான்: முதல் சனத்தை எறிந்துவிட்ட கடவுள் என்றால், இரண்டாவதாய் வந்தவர்கள் அவரை எதை வைத்து நம்புவது? உரோமர் 11இல் பவுல் இந்தக் கேள்வியை நேரே எடுக்கிறார். கடவுள் தம் சனத்தைத் தள்ளிவிடவில்லை, அவருடைய அழைப்பு மாறாது என்கிறார். யூதரல்லாத விசுவாசிகளைப் பார்த்து, ஒட்டுக்கட்டின காட்டு ஒலிவக் கிளைகள் மற்றக் கிளைகளைப் பார்த்துப் பெருமை அடிக்கவேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை அந்த அதிகாரத்தை எடுத்து வைத்து, யூதரைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று சங்க ஏட்டில் எழுதியது 1965இல்தான். நாசிகளின் வதைமுகாம்கள் மூடி அப்போது இருபது வருசம்.