லாரி பேக்கரின் வீட்டமைப்பு முறை

லாரி பேக்கர் (1917–2007) இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, கேரளத்தைத் தம் முதன்மைப் பணிக்களமாகக் கொண்டு, மனையின் இயல்புக்கும் தட்பவெப்பத்துக்கும் இசைந்த சிக்கன வீடுகளைக் கட்டிய கட்டடக்கலைஞர் ஆவார்.

இரண்டாம் உலகப்போரின்போது சீனாவில் மருத்துவப் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் 5 மைல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்னும் காந்தியின் கருத்தே அவரது முறைக்கு வித்தாயிற்று. 1945இல் தொழுநோயாளர்க்கான கட்டடங்களை அமைக்க இந்தியா வந்த அவர், 1948இல் மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தார். கல்லூரியில் பயின்ற உத்திகள் போதாத அம்மலைநாட்டில், கல், மண், மரம் ஆகியவற்றைக் கொண்டே சரிவில் உறுதியான வீடெழுப்பும் ஊர்மக்களின் அறிவு தலைமுறைகளாகச் சோதித்துத் தேறியது என்பதை உணர்ந்து, அதனையே பின்பற்றினார். 1963இல் கேரளத்தின் வாகமண்ணுக்கும், பின்னர் திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்தார்.

நிலத்தை வெட்டிச் சமன்செய்யாமல் சரிவுக்கேற்பத் தரைமட்டங்களைப் படிப்படியாக அமைப்பதும், நிற்கும் மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துச் செல்வதும் அவரது முதல் நெறியாகும். திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில், பாறை நிறைந்த சரிவில் அவர் தமக்கென அமைத்த 'ஹாம்லெட்' இல்லம் இதற்குச் சிறந்த சான்றாகும்.

அவர் கையாண்ட உத்திகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, எலிப்பொறிக் கட்டு: செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு 9 அங்குலச் சுவர் எழுப்பும் இம்முறையில் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிஞ்சுவதோடு, உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் வெப்பம் அறைக்குள் புகுவதைக் குறைக்கிறது. இரண்டாவது, ஜாலி எனப்படும் வலைச்சுவர்: செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டப்படும் இச்சுவர், சன்னல் சட்டமும் கம்பியும் இன்றியே காற்றையும் கூசாத ஒளியையும் தருகிறது. மூன்றாவது, நிரப்புத் தளம்: கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையை இரும்புக் கம்பியே தாங்குவதால், கம்பிகளுக்கிடையே பயனின்றிக் கிடக்கும் கான்கிரீட்டுக்கு மாற்றாக மங்களூர் ஓடுகள் வைக்கப்படுகின்றன; இதனால் தளத்தின் எடையும், அதற்குச் செல்லும் சிமென்டும் இரும்பும் குறைகின்றன. பூச்சு வேலையையும் அவர் பெரும்பாலும் விலக்கினார். பூசாத சுவர் மழையில் ஈரம் கோக்கும் என்ற குறை கூறப்படினும், நன்கு சுட்ட செங்கல்லும் அகன்ற இறவாரமும் அமைந்த வீடுகளில் அதற்கான வாய்ப்புக் குறைவு.

இம்முறை ஏழையர் குடியிருப்புக்கு மட்டும் உரியதன்று என்பதை, திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்னும் பகுதியில் 1970களில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் ஐயமற நிறுவியது. 1985இல் தொடங்கப்பட்ட காஸ்ட்ஃபோர்டு அமைப்பு இவ்வுத்திகளைப் பரப்பி வருகிறது. பேக்கர் 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.