கண்ட்ரோல்–ஆல்ட்–டெலிட்

கண்ட்ரோல்–ஆல்ட்–டெலிட் என்பது, ஹேங் ஆகி நின்றுவிட்ட ஐபிஎம் கணினியை, மின்சாரத்தை நிறுத்தாமலே மறுதொடக்கம் செய்வதற்காக உருவான விசைச் சேர்க்கை. மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். இன்றைய விண்டோஸில் இது மறுதொடக்கம் செய்வதில்லை. கணினியைப் பூட்டவும் வெளியேறவும் டாஸ்க் மேனேஜரை அழைக்கவும் உதவும் திரையைத் திறக்கிறது.

தோற்றம்

ஐபிஎம்மின் முதல் தனிநபர் கணினி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள போக்கா ரட்டோன் நகரில் உருவாகி 1981 ஆகஸ்டில் வெளிவந்தது. அதில் ரீசெட் பொத்தான் கிடையாது. சோதனையின்போது நிரல் நின்றுபோனால் மின்விசையை அணைத்துப் போட வேண்டும். நினைவகச் சோதனை முழுவதும் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே வடிவமைப்புக் குழுவிலிருந்த டேவிட் பிராட்லி இக்குறுக்குவழியை அமைத்தார்.

அவர் முதலில் தேர்ந்தது கண்ட்ரோல்–ஆல்ட்–எஸ்கேப். மூன்றும் பலகையின் இடப்பக்கமே இருந்ததால், கை தவறிப் பட்டாலும் செய்த வேலை அழிந்துவிடும் அபாயம் இருந்தது. சக பணியாளர் மெல் ஹாலர்மன் சொன்ன யோசனைப்படி எஸ்கேப்புக்குப் பதில் டெலிட் வந்தது. 83 விசைகள் கொண்ட அப்பலகையில் டெலிட் வலப்பக்கம் இருந்தது; இரண்டு கைகளையும் வைத்தால்தான் அழுத்த முடியும். பொறியாளர்களின் வசதிக்காகப் பிறந்த இச்சேர்க்கை, தொழில்நுட்பக் கையேட்டின் வழியே வெளியுலகுக்குத் தெரியவந்தது.

செயற்படும் விதம்

ஒரு விசை அழுத்தப்பட்டதும் செயலி, ஓடும் நிரலைக் கணநேரம் நிறுத்திவிட்டு, கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸின் பக்கம் திரும்பும். மூன்று விசைகளும் சேர்ந்திருந்தால் பயாஸ் 1234 என்ற பதினறும எண்ணை நினைவகத்தில் குறித்துவைத்துத் தொடக்கத்துக்குத் தாவும். அந்த எண் இருப்பதால் நினைவகச் சோதனை கைவிடப்படும். இதுவே ‘வார்ம் பூட்’. இத்தகைய குறுக்கீடுகளையே நிரல் அடைத்துவிட்டால் இதுவும் பலிக்காது, மின்விசைதான் வழி.

பிற்கால மாற்றங்கள்

பின்னர் வந்த 101 விசைப் பலகையில் கண்ட்ரோலும் ஆல்ட்டும் வலப்பக்கத்திலும் இடம்பெற்றன. ஒற்றைக் கையாலேயே அழுத்த முடிந்தது. 1992-இல் விண்டோஸ் 3.1, முழுக் கணினிக்கும் பதிலாக, நின்றுபோன நிரலை மட்டும் மூட வழிசெய்தது. விண்டோஸ் 95 ஓடும் நிரல்களின் பட்டியலைக் காட்டியது. மறுமுறை அழுத்தினால்தான் மறுதொடக்கம்.

1993-இல் வந்த விண்டோஸ் என்டியில் இச்சேர்க்கைக்கு முற்றிலும் புதிய பணி கிடைத்தது. கடவுச்சொல்லைத் திருட யாரேனும் போலி நுழைவுத் திரையை வைக்கலாம். ஆனால் இச்சேர்க்கையைச் சாதாரண நிரல் எதுவும் இடைமறிக்க முடியாதபடி என்டி அமைக்கப்பட்டது. அழுத்தியபின் தோன்றும் திரை இயங்குதளத்தினுடையதே என்று பயனர் நம்பலாம்.

நுழைவுக்கு மூன்று விசைகளை அழுத்தச் செய்தது தவறு என்று 2013-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக உரையாடலில் பில் கேட்ஸ் கருத்துரைத்தார். தனி விசை ஒன்றையே தாம் விரும்பியதாகவும் கூறினார். வீட்டுக் கணினிகளில் நுழைவுக்கு இது இப்போது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. விண்டோஸ் சர்வர் கணினிகளிலோ கடவுச்சொல்லுக்கு முன் இம்மூன்று விசைகளே இன்றும் கேட்கப்படுகின்றன.